கோடிட்ட இடத்தை யார் நிரப்புவது?

தாம் எழுதிய கட்டுரை ஒன்று பத்திரிகையில் அச்சாகி வரவேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். நல்ல ஆசைதான். எதைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று கேட்டால், இன்றைக்குப் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் பதில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதாகத்தான் இருக்கும். கேட்ட கேள்விக்கு மனிதரைப் போலவே பதில் சொல்லும் கணிப்பொறியைக் கண்டு வியக்காதவர் யார்? வியந்ததைப் பற்றி எழுதத் தோன்றுவதும் இயல்பே.

ஆனால் எழுத உட்காருமுன் ஒரு கேள்விக்கு நீங்கள் விடை கண்டாகவேண்டும். உங்கள் கட்டுரையை ஓர் ஆசிரியர் ஏன் வாங்கி வெளியிடவேண்டும்? ‘செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன? அதன் நன்மை தீமைகள் யாவை?’ என்று அந்த இயந்திரத்தையே கேட்டால், அரை நிமிடத்தில் இரண்டு பக்கம் எழுதித் தந்துவிடுகிறதே! சன்மானமும் கேட்பதில்லை. அது தரமுடியாத எதை நீங்கள் தரப்போகிறீர்கள்?

பத்திரிகை அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்காமல், வெளியிலிருந்து எழுதி அனுப்பும் எழுத்தாளர்கள் உலகெங்கும் உண்டு. நம் பத்திரிகைகளுக்குப் பெரும்பாலும் முழுக் கட்டுரையையே அனுப்பிவிடுகிறோம். மேல்நாடுகளில் வேறொரு வழக்கம் இருக்கிறது. ‘இன்ன பொருளைப் பற்றி, இன்ன விதமாக எழுத எண்ணியிருக்கிறேன், தங்களுக்குத் தேவைப்படுமா?’ என்று முதலில் ஒரு சிறு கடிதம் எழுதுவார்கள். ஆசிரியர் சரி என்ற பிறகே கட்டுரை எழுதப்படும். இதை நாம் ‘யோசனைக் கடிதம்’ என்று சொல்லிக்கொள்வோம். நீங்கள் முழுக் கட்டுரையை அனுப்புவதாக இருந்தாலும், இப்படி ஒரு கடிதத்தை உங்களுக்கே எழுதிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

பெயரே ஒரு கடிதத்தில் பிறந்தது

‘செயற்கை நுண்ணறிவு’ என்று நாம் மொழிபெயர்த்து வழங்கும் பெயர் எங்கே பிறந்தது தெரியுமா? அதுவும் ஒரு யோசனைக் கடிதத்தில்தான். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாளிட்ட ஒரு திட்ட அறிக்கையில் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ராச்செஸ்டர், கிளாடு ஷானன் ஆகிய நான்கு அறிஞர்கள் அந்தப் பெயரைக் கையாண்டார்கள். அமெரிக்காவிலுள்ள டார்ட்மவுத் கல்லூரியில் 1956ஆம் ஆண்டுக் கோடையில், 10 பேர் 2 மாதங்கள் கூடி ஆராய்ச்சி செய்யப் பணம் வேண்டும் என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் கேட்பதற்காக எழுதப்பட்டது அது. கேட்ட தொகை சுமார் 13,500 டாலர். கிடைத்தது 7,500 டாலர்.

அந்த அறிக்கையில் நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு செலவு, எந்தெந்தச் சிக்கல்களை ஆராயப்போகிறார்கள் என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஓரிடத்தில் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார்கள். தேர்ந்தெடுத்த அறிஞர்கள் ஒரு கோடைக்காலம் சேர்ந்து உழைத்தால், இந்தச் சிக்கல்களில் ஒன்றிரண்டிலாவது கணிசமான முன்னேற்றம் காணலாம் என்று எழுதினார்கள். கணிப்பொறி மொழியைக் கையாளச் செய்வதும் அந்தச் சிக்கல்களில் ஒன்று. அதில் இன்று நாம் காணும் நிலையை எட்டப் பல கோடைகள் கடக்கவேண்டியிருந்தது!

அறிஞர்கள் அளவு மீறினால், செய்தித்தாள்கள் சும்மா இருக்குமா? 1958 ஜூலையில் ஃபிராங்க் ரோசன்பிளாட் என்பவரின் ‘பெர்செப்ட்ரான்’ என்னும் முறை அமெரிக்கக் கடற்படையின் ஆதரவில் நிருபர்களுக்குக் காட்டப்பட்டது. இடப்பக்கம் குறியிட்ட அட்டை எது, வலப்பக்கம் குறியிட்ட அட்டை எது என்று 50 முயற்சிகளுக்குப் பின் கணிப்பொறி பிரித்தறியக் கற்றது. அன்றைக்கு அது பாராட்டத்தக்க சாதனைதான். ஆனால் மறுநாள் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி, நடக்கவும் பேசவும் பார்க்கவும் எழுதவும் தன்னைத்தானே படைத்துக்கொள்ளவும் வல்லதும், தான் இருக்கிறோம் என்று உணரக்கூடியதுமான இயந்திரத்தின் கரு இது என்று கடற்படை எதிர்பார்ப்பதாகக் கூறியது. கண்ணால் கண்டது இடமும் வலமும். காகிதத்தில் வந்ததோ உயிருள்ள இயந்திரம்!

இப்படிக் கண்டதற்கும் எழுதியதற்கும் இடையே பள்ளம் விழுவது இந்தத் துறையின் பிறவி நோய். அப்போதாவது கண்டது என்று ஏதோ ஒன்று இருந்தது. எதையுமே காணாமல் எழுதுவது இப்போது வந்திருக்கும் புது நோய்.

இல்லாத ஊர், இல்லாத புத்தகம்

அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘கிளார்க்ஸ்வேர்ல்டு’ என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத புதியவர்களும் கதை அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் பத்திரிகை அது. 2023 பிப்ரவரியில், 20ஆம் தேதிக்குள்ளாகவே, இயந்திரத்தைக் கொண்டு எழுதிய கதைகள் சுமார் 500 வந்து குவிந்தன. மனிதர்கள் எழுதியவை சுமார் 700. சமாளிக்க முடியாமல், இனி யாரும் கதை அனுப்பவேண்டாம் என்று ஆசிரியர் நீல் கிளார்க் கதவை மூடிவிட்டார். அடுத்த மாதம் மீண்டும் திறந்தார்.

2025 மே மாதத்தில் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பு ஒன்றில், கோடை விடுமுறையில் படிக்கத்தக்க 15 புத்தகங்களின் பட்டியல் வந்தது. அவற்றுள் 10 புத்தகங்கள் உலகிலேயே இல்லை! ஆசிரியர்களாகக் குறிப்பிடப்பட்டவர்கள் உண்மையான எழுத்தாளர்களே, புத்தகங்கள்தாம் கற்பனை. வெளியிலிருந்து எழுதித் தரும் ஒருவர் இயந்திரத்திடம் கேட்டு, சரிபாராமல் கொடுத்துவிட்டார். தன்னுணர்வு பெற்றுவிட்ட ஒரு செயற்கை நுண்ணறிவைப் பற்றிய நாவலும் அந்த இல்லாத புத்தகங்களுள் ஒன்று என்பது வேடிக்கை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு செய்தி வெளியாயிற்று. பிரிட்டனில் ‘டிஸ்பேச்’ என்ற புதிய பத்திரிகையைத் தொடங்கிய ஜேக்கப் ஃபுரேடிக்கு, ‘மார்கோ பிளான்ச்சார்டு’ என்ற பெயரில் ஒரு யோசனைக் கடிதம் வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ‘கிரேவ்மான்ட்’ என்றொரு பழைய சுரங்க ஊர் இருக்கிறது. மரணங்களைத் துப்பறியும் பயிற்சிக்கூடமாக அதை இரகசியமாக மாற்றியிருக்கிறார்கள். நேரில் போய் எழுதித் தருகிறேன் என்பது யோசனை. யாருக்குத்தான் படிக்கத் தோன்றாது? ஆசிரியர் தேடிப் பார்த்தார். அப்படி ஓர் ஊரே இல்லை. அதற்குள் அதே பெயரில் எழுதப்பட்ட கட்டுரைகளைப் பல பத்திரிகைகள் வெளியிட்டிருந்தன. விஷயம் தெரிந்ததும் நீக்கின. அவற்றுள் ஒன்று ‘வயர்டு’. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பேசுவதே தொழிலாகக் கொண்ட பத்திரிகை அது! இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இரண்டில் அந்தக் கட்டுரையைப் போட்டுப் பார்த்ததாகவும், இரண்டும் ‘மனிதர் எழுதியதாகவே தெரிகிறது’ என்று சான்று தந்ததாகவும் பிறகு அவர்களே எழுதினார்கள்.

இதனால் நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். ஏமாந்த ஆசிரியர் அடுத்த முறை என்ன செய்வார்? தெரிந்த பெயரா என்று பார்ப்பார். முன்பே எழுதிப் பழகியவரா என்று பார்ப்பார். புகழ்பெற்ற எழுத்தாளருக்கு இதனால் நஷ்டமில்லை. நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவருக்கும் நஷ்டமில்லை. சிற்றூர்ப் பள்ளியிலிருந்து முதன்முதலாக ஒரு கடிதம் எழுதும் உங்களுக்குத்தான் நஷ்டம். பொய்க் கடிதங்களின் அபராதத்தைப் புதியவர்கள் கட்டவேண்டியிருக்கிறது. எனக்கு இதில் உள்ள கவலையெல்லாம் இதுதான்.

ஊசலை ஆட்டாமல் எழுதிய அளவு

இயந்திரம் ஏன் இல்லாத ஊரை எழுதுகிறது? அதற்கு நம்மை ஏமாற்றவேண்டும் என்ற எண்ணம் கிடையாது. தேர்வில் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று கேட்பார்கள் அல்லவா? இந்த இயந்திரம் அடிப்படையில் அதைத்தான் செய்கிறது. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பழக்கப்பட்டு, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்தாற்போல் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போகிறது. பொருத்தமாக இருக்கிறதா என்பதே அதன் முதல் கணக்கு. இணையத்தில் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் வகைகளும் இப்போது வந்துள்ளன. அவையும் பிறர் எழுதி வைத்ததைத்தான் தேடமுடியும். கொலராடோவுக்குப் பேருந்து ஏற முடியாது.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது மிகவும் பழகிய விஷயமாகத் தோன்றுகிறது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். விடை வினாடிக்கு வினாடி சுமார் 9.8 மீட்டர் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. சில மாணவர்கள் ஊசலை ஆட்டவே மாட்டார்கள். 9.8 வருவதற்கு எத்தனை வினாடி இருக்கவேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, பட்டியலை அழகாக நிரப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். விடை சரி; வாய்பாடு சரி; கையெழுத்துகூட மணிமணியாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் ஊசல் இல்லை.

உண்மையாக ஆட்டிப் பார்த்தவர் கொண்டுவரும் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். ஓர் அளவு கொஞ்சம் தள்ளி நிற்கும். ‘காற்றாடியை நிறுத்த மறந்துவிட்டோம்’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும். கிடைத்த விடை 9.6 ஆகக்கூட இருக்கலாம். எனக்கு அந்த 9.6 தான் பெரிது. ஏனென்றால் அதை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்: நூலின் நீளத்தை எங்கிருந்து எங்கு வரை அளந்தாய்? கடிகாரத்தை எப்போது அழுத்தினாய்? ஆட்டாத ஊசலைப் பற்றி என்ன பேசுவது?

ஆகவே என் கருத்து இது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்புகிறவர், முதலில் ஏதாவது ஓர் ஊசலை ஆட்டிப் பார்த்திருக்கவேண்டும். அவருடைய யோசனைக் கடிதத்தில் இயந்திரம் நிரப்பமுடியாத கோடிட்ட இடம் ஒன்றாவது இருக்கவேண்டும். அதை அவருடைய நோட்டுப் புத்தகம்தான் நிரப்பவேண்டும்.

24 தீப்பெட்டிகள் போதும்

‘எங்களிடம் கணிப்பொறி ஏது? ஆய்வுக்கூடம் ஏது?’ என்று கேட்கிறீர்களா? 1961ஆம் ஆண்டில் டொனால்டு மிக்கி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 304 தீப்பெட்டிகளைக் கொண்டே கற்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். மூன்றுக்கு மூன்று கட்டங்களில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு விளையாடுகிறோமே, அந்த ஆட்டத்தை அது ஆடியது. ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தீப்பெட்டி. பெட்டிக்குள் பல நிற மணிகள். ஒவ்வொரு நிறமும் ஒரு கட்டத்தைக் குறிக்கும். பெட்டியைக் குலுக்கி, வந்து விழும் மணி காட்டும் கட்டத்தில் ஆடவேண்டியது. வென்றால் அதே நிற மணிகளைக் கூடுதலாகப் போடுவது. தோற்றால் அந்த மணியை எடுத்துவிடுவது. ஆட ஆட, தோல்வி தரும் மணிகள் குறைகின்றன. நல்ல ஆட்டத்துக்கான மணிகள் பெருகுகின்றன. தீப்பெட்டிகள் ‘கற்றுக்கொண்டு’விடுகின்றன!

304 பெட்டி சேர்ப்பது கடினம் என்றால், மார்ட்டின் கார்ட்னர் 1962இல் எளிய வழி ஒன்றைச் சொன்னார். ஒன்பது கட்டங்களில் ஆளுக்கு மூன்று சிப்பாய்களை வைத்து ஆடும் சிறு சதுரங்கம். அதற்கு 24 பெட்டிகளே போதும். இப்போது இப்படி ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம்:

‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் பத்தாம் வகுப்பு மாணவி. நானும் என் தோழியும் 24 தீப்பெட்டிகளையும் பாசிமணிகளையும் கொண்டு, ஆட ஆடக் கற்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தோம். இதுவரை ........ ஆட்டங்கள் ஆடியிருக்கிறோம். முதல் பத்து ஆட்டங்களில் அது ........ முறை தோற்றது, கடைசிப் பத்தில்........ முறை. நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: ........ . மூளையில்லாத தீப்பெட்டி எப்படிக் கற்கிறது என்பதை 600 சொற்களில், ஒரு வரைபடத்துடன் எழுத விரும்புகிறோம். ஆட்டங்களைக் குறித்த நோட்டின் நகலை இணைத்திருக்கிறோம். எங்கள் கணித ஆசிரியர் அதைப் பார்த்திருக்கிறார். இக்கடிதத்தின் எழுத்துப் பிழைகளைத் திருத்த மட்டும் கணிப்பொறியின் உதவியைப் பெற்றோம்.’

புள்ளி வைத்த இடங்களை நான் நிரப்பவில்லை. ஆடிப் பார்க்காத நான் எப்படி நிரப்புவது? நிரப்பினால் கிரேவ்மான்ட் ஊருக்கு நானும் ஒரு தெரு போட்டவனாவேன். கடிதத்தின் மற்ற பகுதிகளையும் கவனியுங்கள். என்ன செய்தோம், என்ன கண்டோம், எவ்வளவு எழுதுவோம், யார் சரிபார்த்தார், இயந்திரத்தின் உதவி எந்த அளவு என்று எல்லாம் இருக்கின்றன. உலகை மாற்றப்போகும் அற்புதம் என்ற பேச்சு மட்டும் இல்லை. 1955இன் அறிஞர்களிடமிருந்து தெளிவை எடுத்துக்கொண்டு, மிகையை விட்டுவிட்டோம்.

கணிப்பொறியோ கைப்பேசியோ கிடைக்கும் மாணவருக்கு வேறொரு பொருள் சொல்கிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். யுனிகோடு முறையில் கணிப்பொறி அதை த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகளாக வைத்திருக்கிறது. இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். ஆக 15 பைட்டுகள். அதே பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 5 பைட்டுகளே ஆகும். உரையாடும் இயந்திரங்கள் சொற்களைத் துண்டுகளாக நறுக்கியே கையாளுகின்றன. நம் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாகிவிடுவது வழக்கம். இதனால் எழுத்துகளை எண்ணச் சொன்னால் அது தடுமாறுகிறதா? 50 தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எண்ணியதையும் அது எண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எந்த வகைச் சொல்லில் தவறு வருகிறது என்று பாருங்கள். தவறே வராவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். உங்கள் பட்டியல் உலகில் வேறு யாரிடமும் இல்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

‘என்னைவிட இயந்திரம் நன்றாக எழுதுகிறதே’ என்று சிலர் சோர்ந்துபோகிறார்கள். நடை அழகாக இருப்பது நல்லதே. ஆனால் ஆசிரியர் உங்களிடம் முதலில் தேடுவது நடையை அன்று, நடந்ததை. கரடுமுரடான வாக்கியத்தை அவர் திருத்திக்கொள்வார். நடக்காத சோதனையை அவரால் திருத்தமுடியாது.

பத்திரிகை ஆசிரியர்களும் தம் பங்கைச் செய்யவேண்டும். எழுதியது மனிதரா இயந்திரமா என்று மென்பொருளிடம் சான்று கேட்பதை நான் நம்பவில்லை. ‘வயர்டு’க்கு நேர்ந்ததைப் பார்த்தோம். ‘உங்கள் நோட்டை அனுப்புங்கள்’ என்று கேட்பது அதைவிட நல்ல வழி. பெயர் தெரியாதவர் என்ற காரணத்துக்காக ஒரு கடிதத்தை ஒதுக்காமல், நோட்டு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யட்டும். மாணவர் அனுப்பியதைத் திருப்பும்போது ஏன் திருப்புகிறோம் என்று இரண்டு வரி எழுதட்டும். இதற்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் கதவை மூடிவிட்டால், அடுத்த தலைமுறையில் எழுத யார் வருவார்?

2024ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு, செயற்கை நரம்பு வலைகளுக்கு அடித்தளமிட்ட ஜான் ஹாப்ஃபீல்டு, ஜெஃப்ரி ஹின்டன் இருவருக்கும் வழங்கப்பட்டது. இந்த இயந்திரங்களின் ஆழத்தில் இயற்பியலும் கணிதமும் இருக்கின்றன. நீங்கள் மேல் வகுப்புகளில் அவற்றைப் படிப்பீர்கள். அதுவரை எழுதுவதற்குக் காத்திருக்கவேண்டியதில்லை. வீட்டிலும் பக்கத்துக் கடையிலும் சொல்லிவைத்தால், ஒரு மாதத்தில் 24 காலித் தீப்பெட்டிகள் சேர்ந்துவிடும். ஒரு 40 பக்க நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, முதல் ஆட்டத்தை ஆடுங்கள்.